கேமரா கடைசியில் வரும் படப்பிடிப்பு

பாட்டோடு ஓடும் விளம்பரப் படங்களில் பணியாற்றும் நடன இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், உடை வடிவமைப்பாளர்கள், துணை நடனக் கலைஞர்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

வால்யூமெட்ரிக் பதிவு என்பது ஆடுபவரை ஒரு கோணத்திலிருந்து படம் பிடிக்கும் முறை அன்று. சுற்றிலும் நிற்கும் பல கேமராக்கள் அவரை ஒரே கணத்தில் பார்க்கின்றன. அந்தப் படங்களைக் கொண்டு அவருடைய உருவம் ஃபிரேம் ஃபிரேமாக முப்பரிமாணத்தில் கணினிக்குள் கட்டப்படுகிறது. கேமரா எங்கே நிற்பது, எந்த லென்ஸ், எந்த அடிக்கு நகர்வது என்பவை ஆட்டம் முடிந்து, ஆடியவர் ஒப்பனை கலைத்து வீட்டுக்குப் போன பிறகு முடிவாகின்றன. கோணத்தைத் தள்ளிப்போட முடிகிறது என்றால் மற்றதையும் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் தயாரிப்புத் தரப்பில் எளிதில் எழும். நடப்பது நேர்மாறானது. தாள வேகம், அசைவு, உடை, தலைமுடி, ஒவ்வொருவரும் நிற்கும் இடம் எல்லாம் வழக்கமான படப்பிடிப்பைவிட முன்னதாகவே உறுதியாக வேண்டும். பதிவுக்குப் பின் இவற்றில் எதையும் கோணத்தை மாற்றி மறைக்க முடியாது. இம்மடல் தயாரிப்பாளர்களுக்கு எழுதப்படாமல் ஃப்ளோரில் நிற்பவர்களுக்கு எழுதப்படுவதன் காரணம் அதுவே.

பதிவு நடக்கும் விதம் இது. ஒரு வட்ட மேடையைச் சுற்றிப் பல உயரங்களில் கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. அவை அனைத்தும் ஒரே மின் துடிப்புக்குக் கட்டுப்பட்டு ஒரே கணத்தில் ஃபிரேம் எடுக்கின்றன. ஒவ்வொரு கேமராவும் மற்றவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது முன்கூட்டியே அளக்கப்பட்டிருக்கும். ஒரே புள்ளியை இரண்டு கேமராக்கள் பார்த்தால் அதன் ஆழம் கணக்கில் கிடைத்துவிடும். இப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளை இணைத்து முக்கோணங்களாலான ஒரு தோல் செய்யப்படுகிறது. கேமராக்கள் பார்த்த நிறம் அதன்மேல் போர்த்தப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முறையில் 106 கேமராக்கள் இருந்தன. பாதி நிறத்தைப் பார்த்தன, பாதி அகச்சிவப்பில் ஆழத்தைப் பார்த்தன. அந்த வகைக் கூடங்களில் நொடிக்கு 10 ஜிகாபைட் அளவில் தரவு குவியும். 30 நொடி விளம்பரத்தின் ஒரே டேக் 300 ஜிகாபைட். பத்து டேக் போனால் 3 டெராபைட். ‘இன்னொன்று போய்விடலாம்’ என்று மாஸ்டர் சொல்வதற்கு இங்கே தனி விலை உண்டு.

தமிழ்த் திரையில் முன்பே பார்த்த இரண்டு முறைகளோடு இதைக் குழப்பிக்கொள்வது இயல்பு. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ மோஷன் கேப்சர் முறையில் எடுக்கப்பட்டது. அதில் பதிவாவது அசைவு மட்டுமே. முகமும் உடையும் பிறகு கணினியில் வரையப்பட்டவை. 2018இன் ‘2.0’ இரட்டை லென்ஸ் வைத்து 3டியில் எடுக்கப்பட்டது. அங்கே ஆழம் தெரியும், ஆனால் பார்வையாளர் முதுகுப்பக்கம் போய்ப் பார்க்க முடியாது. வால்யூமெட்ரிக் பதிவில் நடிகரின் சொந்தத் தோலும் சொந்தத் துணியும் அன்றைக்கு அவை மடிந்த விதமும் அப்படியே வருகின்றன. இதன் பலமும் வில்லங்கமும் அங்கேதான். வரைந்த உருவத்தைத் திருத்தலாம். பதிவான உருவத்தை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது.

இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் விளம்பரமும் பாட்டும் சந்தித்த இடத்திலேயே இருக்கிறது. 1998இல் கேப் நிறுவனத்துக்காக மேத்யூ ரோல்ஸ்டன் இயக்கிய ‘காக்கிஸ் ஸ்விங்’ என்ற விளம்பரத்தில் லூயி பிரைமாவின் துள்ளலிசைக்கு இளைஞர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஒருவர் அந்தரத்தில் எழும்பியதும் காலம் உறைய, பார்வை அவர்களைச் சுற்றிவரும். ‘தி மேட்ரிக்ஸ்’ திரைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 2003இல் ஷங்கரின் ‘பாய்ஸ்’ படப் பாடலிலும் இந்த உறைதல் வந்தது. ஸ்டில் கேமராக்களை வரிசையாக நிறுத்திச் செய்த அந்த வித்தையில் பார்வை வரிசையை விட்டு விலக முடியாது. போகும் பாதை படப்பிடிப்பிலேயே முடிவாகிவிட்டது. பாதையை அவிழ்த்துவிடும் முயற்சியோ பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டக்கியோ கனாடே 1990களின் நடுவில் 51 கேமராக்கள் பதித்த ஒரு கூண்டை அமைத்து, எந்தக் கேமராவும் நிற்காத இடத்திலிருந்தும் காட்சியை உருவாக்கிக் காட்டினார்.

இசைத் துறை இதைக் கையில் எடுத்தது 2008இல். ரேடியோஹெட் குழுவின் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ பாடலுக்கு ஜேம்ஸ் ஃபிராஸ்ட் இயக்கிய வீடியோவில் வழக்கமான கேமராவே இல்லை. அருகில் உள்ள முகத்தை ஒளிக்கோடுகள் வீசி அளக்கும் ஒரு கருவி பதிவு செய்தது. தெருவையும் கட்டடங்களையும் 64 லேசர்களோடு சுழலும் வெலடைன் லிடார் பதிவு செய்தது. தாம் யார்க் பாடும் முகம் புள்ளிகளாகச் சிதறிச் சேரும். அந்தச் சிதறலில் பாதி வேண்டுமென்றே செய்யப்பட்டது: கருவி குழம்பட்டும் என்று அதன் முன்னால் கண்ணாடிகளைக் காட்டினார்கள். தரவையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்காக கினெக்ட் கருவி வந்ததும், ஆழம் அளக்கும் வசதி விளையாட்டுப் பொருளின் விலைக்கு இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சிறு குழுக்களின் பாடல் வீடியோக்களில் புள்ளிமேக முகங்கள் அலுக்கும்வரை வந்தன. கருவியின் குறையைப் பாணியாக்கும் உரிமை பாட்டுக்கு இருந்தது. சோப்பும் பிஸ்கட்டும் விற்கும் படத்துக்கு அந்த உரிமை கிடையாது. விளம்பரத் துறை இதற்குள் தயங்கித் தயங்கி வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

அடுத்த கட்டம் பெரிய கூடங்களின் காலம். 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் மெட்டாஸ்டேஜ் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் லண்டனில் டைமென்ஷன். ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க்கில் 2018இல் 32 உயர்தரக் கேமராக்களோடு வோலுகேப். இன்டெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் 10,000 சதுர அடியில் குதிரையையே ஓடவிடும் அளவுக்கு ஒரு கூடம் கட்டி, 2020இல் மூடிவிட்டது. மைக்ரோசாஃப்டும் தன் தொழில்நுட்பத்தை 2023இல் ஆர்க்டுரஸ் என்ற நிறுவனத்திடம் கொடுத்து விலகியது. பெரும் முதலீடு போட்டவர்கள் விலகிய பிறகும் முறை நிலைத்திருக்கிறது. ஆனாலும் ஒரே கூடத்தை, ஒரே கோப்பு வடிவத்தை நம்பிப் படம் திட்டமிடுவது ஆபத்து. மூலத் தரவை வாங்கி வைத்துக்கொள்ளாத தயாரிப்பு, கூடம் மூடப்பட்டால் அதைத் திரும்பச் செயலாக்க வழியில்லாமல் நிற்கும்.

இக்காலத்தின் நல்ல எடுத்துக்காட்டு மடோனாவின் மேடை. 2019 மே 1 அன்று லாஸ் வேகாஸில் நடந்த பில்போர்ட் விருது விழாவில் ‘மெடலின்’ பாடலுக்கு அவர் மலூமாவோடு ஆடினார். வெவ்வேறு வேடமிட்ட அவருடைய முப்பரிமாண நகல்களும் உடன் ஆடின. நகல்கள் லண்டனில் டைமென்ஷன் கூடத்தில் முன்பே பதிவானவை. மேடையில் அவை கிடையாது. திரை வழியாகப் பார்த்தவர்களுக்கே தெரிந்தன. நிஜ நடனக் கலைஞர்கள் காலியான இடத்தைப் பார்த்து, அங்கே ஒருவர் ஆடுவதாக எண்ணி, அவர்மேல் இடிக்காமல் ஆட வேண்டியிருந்தது. நகலுக்கு டேக் கிடையாது. அது வேகம் குறைக்காது, காத்திருக்காது. இரு தரப்பையும் சேர்த்துக் கட்டியது இசைத்தடமும் நடனத்தின் கவுண்ட்டும் மட்டுமே.

பாட்டுப் படப்பிடிப்பில் பிளேபேக்குக்கு இருக்கும் இடம் இங்கே இன்னும் பெரிதாகிறது. வழக்கமான படத்தில் அடி தவறினால் படத்தொகுப்பாளர் அந்த இடத்தில் வேறு ஷாட்டுக்குத் தாவிவிடுவார். வால்யூமெட்ரிக் பதிவில் தாவ வேறு ஷாட் இல்லை; எல்லா ஷாட்டும் அதே ஆட்டத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே இசையின் வேகமும் ஃபிரேம் எண்ணிக்கையும் முன்பே ஒத்துப்போக வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. நொடிக்கு 30 ஃபிரேமில் அது சரியாக 15 ஃபிரேம். கணக்கு சுத்தம். ஆனால் 30 நொடியில் 60 அடிகள்தாம் வரும். நாலு நாலாக எண்ணினால் 15 பார், எட்டெட்டாக எண்ணும் மாஸ்டருக்கு ஏழரை எட்டு. கடைசி எட்டு பாதியில் அறுந்து நிற்கும். 128 அடி வேகத்தில் 30 நொடிக்குச் சரியாக 64 அடி, எட்டு எட்டு. ஆதி தாளத்தில் நினைத்தாலும் எட்டு ஆவர்த்தனம். இசைக்குக் கச்சிதம், ஃபிரேமுக்குச் சிக்கல்: ஓர் அடிக்கு 14.0625 ஃபிரேம். பதினான்கு ஃபிரேமுக்கு ஓர் அடி என்று வைத்து அசைவுகளை வெட்டி ஒட்டினால் 16 அடியில் அசைவு இசையைவிட ஒரு ஃபிரேம் முந்திவிடும். படம் முடியும்போது நான்கு ஃபிரேம். நான்கு ஃபிரேம் என்பது கைதட்டும் ஓசைக்கும் கை சேர்வதற்கும் இடையே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி. அசைவை அடிக்கணக்கில் வெட்டாமல் இசைத்தடத்தின் டைம்கோடோடு பூட்டிவைப்பதே இதற்குத் தீர்வு. இசையமைப்பாளர் இறுதித் தடத்தைப் பதிவு நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும்; பிறகு வேகத்தை மாற்றுவது என்பது நடனத்தைத் திரும்ப எடுப்பதற்குச் சமம்.

ஸ்லோ மோஷன் இதன் இன்னொரு முகம். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, 48 ஃபிரேமில் எடுத்து, 24இல் ஓட்டும் பழைய உத்தி ஒவ்வொரு யூனிட்டுக்கும் தெரியும். வால்யூமெட்ரிக் கூடங்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடுகின்றன. சிலவற்றில் 60 கிடைக்கும். அதற்கு மேல் தரவு தாங்காது. பிறகு கணினியில் நீட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. ஒவ்வொரு ஃபிரேமிலும் முக்கோணத் தோல் புதிதாகவே கட்டப்படுகிறது. முதல் ஃபிரேமில் முழங்கையில் இருந்த புள்ளி அடுத்த ஃபிரேமில் எது என்று கணினிக்குத் தெரியாது. தெரியாததால் இடைநிலை ஃபிரேமை ஊகிக்க முடியாது. தோலைத் தொடர்ச்சியாகப் பின்தொடர்ந்து ஒரே வலையாக வைத்திருக்கும் கூடுதல் செயலாக்கம் செய்தால் ஓரளவு முடியும். எந்த இடம் மெதுவாக வேண்டும் என்பதைப் பதிவுக்கு முன்பே சொல்ல வேண்டியவர் நடன இயக்குநர்.

வேகமான அசைவிலும் கவனம் வேண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் கை, 1/48 நொடி ஷட்டரில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபடும். சாதாரணப் படத்தில் அந்த இழுப்பு அழகு. இங்கே அது உருவத்தின் எல்லையை அழித்துவிடும். கணினி விரல் இல்லாத கையைக் கட்டும். ஷட்டரை 1/500க்குச் சுருக்கினால் இழுப்பு ஒரு சென்டிமீட்டராகக் குறையும், ஆனால் வெளிச்சம் பத்து மடங்கு தேவைப்படும். இழுப்பைப் பிறகு செயற்கையாகச் சேர்ப்பார்கள்.

உடை வடிவமைப்பாளர்களின் பகுதி கொஞ்சம் கசப்பானது. நமது நடன உடையில் எவையெல்லாம் கண்ணைப் பறிக்கின்றனவோ அவையெல்லாம் முக்கோண முறையின் எதிரிகள். சரிகை ஒவ்வொரு கேமராவுக்கும் வேறு வேறாக மின்னும். ஒரே புள்ளி என்று இரண்டு கேமராக்களும் ஒப்புக்கொள்ளாததால் ஆழம் தவறும். கண்ணாடி பதித்த வேலைப்பாட்டில் பள்ளங்கள் விழும். ஷிஃபான் தாவணிக்குப் பின்னால் கை தெரிந்தால் இரண்டும் ஒட்டிய ஒரே கட்டியாக வரும். கன்னங்கறுப்புத் துணி அகச்சிவப்பை விழுங்கினால் உடலில் ஓட்டை. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, சலங்கை, பறக்கும் கூந்தல் ஆகிய மெல்லிய பொருள்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் தோன்றி மறையும். பின்னிய சடை நிற்கும், விரித்த முடி நிற்காது. பருத்தி, மங்கிய பட்டு, நெருக்கமான அச்சு வேலை ஆகியவை நன்றாக வரும். அச்சில் இருக்கும் வடிவம் கணினி பிடித்துக்கொள்ள நல்ல அடையாளம். உடையோடு ஒரு சோதனைப் பதிவு இல்லாமல் கால்ஷீட் கொடுக்கக் கூடாது.

குழு நடனம் மேடையின் அளவால் கட்டுப்படுகிறது. பல கூடங்களில் பயன்படக்கூடிய வட்டம் இரண்டு மூன்று மீட்டர் விட்டம்தான். அதைத் தாண்டி நீட்டிய கை வெட்டுப்பட்டுப் போகும். ஒருவரை ஒருவர் மறைத்தால் மறைந்த பக்கம் பதிவாகாது. இருபது பேர் ஆடும் காட்சிக்கு ஒருவர் ஒருவராக, அல்லது இருவர் இருவராக ஆடவைத்துப் பிறகு ஒரே தளத்தில் நிறுத்துகிறார்கள். தோளில் கைபோடும் அசைவும், தூக்கிப் பிடிக்கும் அசைவும் சேர்ந்தே பதிவாக வேண்டும். கண்ணோடு கண் பார்க்கும் இடங்களுக்கு வட்டத்துக்கு வெளியே ஒரு குறி வைக்க வேண்டும். ஒருவரையே பத்து முறை நகலெடுத்து வரிசையில் நிறுத்துவதும் உண்டு. செலவு குறையும். ஆனால் நிஜக் குழுவில் பத்து பேரும் கொஞ்சம் கொஞ்சம் மாறி ஆடுவதால் வரும் உயிர் நகல் வரிசையில் வராது. பார்வையாளர் காரணம் தெரியாமலே அதைக் கவனித்துவிடுவார். பலன்ஸியாகா நிறுவனம் 2020 டிசம்பரில் தன் உடைத் தொகுப்பை வீடியோ கேமாக வெளியிட்டபோது நகல்களால் கூட்டம் சேர்க்காமல் 50 மாடல்களைத் தனித்தனியே பதிவு செய்தது. அந்தச் செலவு திரையில் தெரிந்தது.

ஒளிப்பதிவாளரிடமிருந்து பறிபோவது முதலில் விளக்கு. நிழல் இல்லாத, எல்லாப் பக்கமும் சமமான வெளிச்சத்தில்தான் பதிவு நடக்கும். எந்த நிழலும் துணியில் சாயம் போலப் பதிந்துவிடும் என்பதே காரணம். மனநிலை சார்ந்த ஒளியமைப்பு கணினிக்குள் பிறகு வரும். கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் காட்டிய முறையில் 331 நிற விளக்குகளை மாறிமாறி எரியவிட்டுத் தோலின் பளபளப்பையும் சேர்த்து அளந்தார்கள். அந்த வசதி எல்லாக் கூடங்களிலும் கிடைப்பதில்லை. அடுத்தது கிளோசப். 4கே கேமராவை நெட்டுக்குத்தாக நிறுத்தி 2.5 மீட்டர் உயரத்தைப் பார்க்கவைத்தால் மில்லிமீட்டருக்கு ஒன்றரைப் புள்ளி கிடைக்கும். 22 சென்டிமீட்டர் முகத்துக்குச் சுமார் 340 புள்ளி. அதை எச்.டி. திரையின் முழு உயரத்துக்கு விரித்தால் மூன்று மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்கியதாகும். கண்ணும் உதடும் கதை சொல்ல வேண்டிய ஷாட்டை இந்த முறையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. அதே ஒப்பனையில், அதே நாளில், நல்ல லென்ஸ் வைத்துத் தனியே எடுத்துவிடலாம். மீதமுள்ள ஷாட்டுகளில் ஒளிப்பதிவாளரின் கை மறுபடி வருகிறது. உணர்கருவி பொருத்திய ஒரு சட்டத்தைத் தோளில் வைத்து, அன்ரியல் போன்ற மென்பொருளுக்குள் ஓடும் ஆட்டத்தைத் திரையில் பார்த்தபடி, நிஜ ஹேண்ட்ஹெல்டு கேமரா போலவே அவர் சுற்றிவரலாம். இந்த நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோணம் வைப்பது கணினி மேசையில் இருப்பவரின் வேலையாகிவிடும்.

முக்கோணத் தோலின் தொல்லைகளில் பாதியைத் தீர்க்கும் புதிய வழி 2023இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வகத்திலிருந்து வந்தது. காசியன் ஸ்பிளாட்டிங் எனப்படும் அந்த முறையில் தோல் இல்லை. விளிம்பு மங்கிய, ஒளி ஊடுருவும் லட்சக்கணக்கான நீள்வட்டத் துளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவத்தைத் தருகின்றன. பார்க்கும் திசைக்கு ஏற்ப ஒவ்வொரு துளியின் நிறமும் மாறும். ஆகவே சரிகையின் மினுக்கும் கூந்தலின் இழையும் மெல்லிய துணியும் முன்பைவிடப் பலமடங்கு நம்பும்படி வருகின்றன. இதற்கு மூத்த முறையான நெர்ஃப் 2020இல் வந்தது. 2023 சந்திரப் புத்தாண்டுக்காக மெக்டொனால்ட்ஸுக்கு கேரன் எக்ஸ் செங் எடுத்த விளம்பரம் அதைக் கொண்டு செய்யப்பட்டது. அசையும் ஆளைத் துளிகளாகப் பதியும் முறை 2026 ஜனவரியில் வந்த ஏசாப் ராக்கியின் ‘ஹெலிகாப்டர்’ பாடல் வீடியோவில் முழு வீச்சில் இறங்கியது. எவர்கோஸ்ட் நிறுவனம் பதிவு செய்த அந்த ஆட்டங்களையும் சாகசங்களையும் மனிதர்கள் உண்மையாகவே செய்தார்கள்; பார்த்தவர்களில் பலர் செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். உழைப்புக்கு இது வினோதமான வெகுமதி. துளி முறையிலும் குறை உண்டு: கோப்புகள் மிகப் பெரியவை, பதிவான ஒளியை மாற்றுவது கடினம், கேமராக்கள் பார்க்காத கோணத்துக்குப் போனால் உருவம் முள்முள்ளாகச் சிதறும்.

விற்கும் பொருளை வால்யூமெட்ரிக்கில் பதிய வேண்டியதில்லை. கண்ணாடிப் பாட்டிலும் பளபளக்கும் உறையும் தனியே படமெடுக்கப்படும் அல்லது வரையப்படும். ஆடுபவரின் கையில் அதே அளவுள்ள மங்கிய நிற மாதிரி இருந்தால் விரல்கள் சரியான இடத்தில் மடங்கும். இந்த முறையே தேவையா என்பதுதான் பெரிய கேள்வி. கிரேனும் மோஷன் கன்ட்ரோலும் செய்யக்கூடிய ஒரு சுற்றுக்காக இதைத் தேர்ந்தெடுப்பது வீண். ஒரே ஆட்டம் தொலைக்காட்சிக்கு அகலவாட்டிலும், கைபேசிக்கு நெட்டுக்குத்தாகவும், கடைவாசலில் ஏஆர் வடிவிலும், மூலை விளம்பரத் திரையில் முப்பரிமாணமாகவும் வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. அசைவின் நடுவே காலத்தை நிறுத்தி, ஆடுபவர்களின் ஊடே புகுந்து, எதிர்ப்பக்கமாக வெளியேறும் ஷாட் கதைக்கு வேண்டும் என்றாலும் அப்படியே.

கடைசியாக உரிமை. பதிவான ஆட்டத்தை அடுத்த ஆண்டு வேறு பாட்டுக்கு, வேறு பொருளுக்கு, வேறு கோணத்தில் பயன்படுத்தலாம், ஆடியவருக்குத் தெரியாமலே. அமெரிக்க நடிகர் சங்கம் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் செய்த ஒப்பந்தத்தில் டிஜிட்டல் நகலுக்கு ஒப்புதலும் ஊதியமும் கட்டாயமாயின. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் நடனக் கலைஞரும் நிகழ்த்துநர். பிரிவு 38 அவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் 2012 திருத்தத்தால் வந்த பிரிவு 38ஏ, எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்து ஒரு படத்தில் ஆட்டம் சேர்ந்தபின், அதே படத்தில் அந்த உரிமையைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதை மறுக்க முடியாது என்கிறது, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. ‘அதே படத்தில்’ என்ற சொற்கள் முக்கியமானவை. மறுபயன்பாட்டுக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்று வாதாட அவையே இடம். துணை நடனக் கலைஞர்களுக்கு இன்னொரு ஆபத்து. படத்தில் உடனிகழ்வாக மட்டும் வந்து, தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் போடப்படாதவரை, தன் ஆட்டம் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமைக்காக அன்றி வேறெதற்கும் சட்டம் நிகழ்த்துநராகக் கருதாது. விளம்பரப் படத்தில் பெயர்ப்பட்டியலே கிடையாது. அதனால் ஒப்பந்தத் தாளில் பெயர், எந்தப் படம், எத்தனை காலம், மறுபயன்பாட்டுக்கு எவ்வளவு, மூலத் தரவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நடன அமைப்பையும் அதே சட்டம் நாடகப் படைப்பின் கீழ் காக்கிறது, எழுத்திலோ வேறு வகையிலோ அது நிலைப்படுத்தப்பட்டிருந்தால். திரைப்படம் அந்த வரையறைக்குள் வராது. எல்லாக் கோணத்திலும் அசைவைச் சேமிக்கும் பதிவு நிலைப்படுத்தலா, திரைப்படமா என்று இரு பக்கமும் வாதிடலாம். அந்த வாதத்தில் சிக்காமலிருக்க, பதிவு நாளுக்கு முன்பே நடனக் குறிப்புகளைத் தாளில் எழுதித் தேதியிட்டு மாஸ்டர் தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்வது போதுமானது.